எண்ணெய்ப் போத்தலில் உள்ள முத்திரை என்ன சொல்கிறது?



நமது லயங்களில் ஒரு நாள் சமையலை எடுத்துப் பாருங்கள். காலையில் ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பல். மத்தியானம் கறிக்குத் தாளிக்க எண்ணெய். பின்னேரம் பிள்ளையின் தலைக்குத் தடவவும் அதே போத்தல்தான். உயரமான தோட்டங்களில் கொழுந்து இருக்கிறது, மரக்கறி இருக்கிறது, தேங்காய் மட்டும் கிடையாது. அது கீழ்நாட்டில் இருந்து லொறி ஏறித்தான் வரவேண்டும். எங்கே இருந்து வருகிறது, அதைப் பார்த்து "இது சாப்பிடத் தகுந்தது" என்று சொல்வது யார், அந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை இம்முறை விளக்குகிறோம்.

"கையில் இருக்கிற காசுக்குக் கிடைக்கிறதை வாங்குறோம், தரம் பார்க்க நமக்கு என்ன தெரியும்?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கெட்டுப்போன கொப்பறாவில் இருந்து எடுத்த எண்ணெய் உடம்புக்கு என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டால், தரம் என்பது காசுள்ளவர்கள் மட்டும் பார்க்கிற விஷயம் இல்லை என்பது புரியும்.

புத்தளம் கரையோரம்

இலங்கையில் குருநாகல், புத்தளம், கம்பஹா ஆகிய மூன்று மாவட்டங்களையும் சேர்த்துத் தென்னை முக்கோணம் என்று சொல்லுவார்கள். நீர்கொழும்பு தாண்டி மகா ஓயாவைக் கடந்தால் புத்தளம் மாவட்டம் தொடங்குகிறது. வென்னப்புவ, மாரவில, மாதம்பை, சிலாபம் என்று வடக்கே போகப்போக வழி நெடுக தென்னைதான். முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போய் வந்தவர்கள் பஸ் ஜன்னல் வழியாக இந்தத் தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். தெங்கு ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதும் இந்த மாவட்டத்தில் லுணுவிலையில்தான். 1929 இல் தொடங்கிய அந்த ஆராய்ச்சிப் பணி இன்றுவரை நடக்கிறது.

தேங்காய் பூவில் இருந்து முற்றுவதற்கு 11, 12 மாதம் எடுக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாக வருடத்தில் ஆறு முறை பறிப்பார்கள். நாடு முழுவதிலும் வருடத்துக்கு ஏறத்தாழ 250 கோடி முதல் 300 கோடி வரை தேங்காய் கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு நம்மைப் போன்ற குடும்பங்களின் சமையலுக்கே போய்விடும். மீதியில் ஒரு பங்கு எண்ணெய்க்காகக் கொப்பறாவாகிறது. இன்னொரு பங்கு காய்ந்த துருவலாக வெளிநாட்டுக்குப் போகிறது. இந்த இரண்டிலும் அரசாங்கத்தின் பரிசோதனை இருக்கிறது.

கொப்பறா என்பது தண்ணீரோடு ஒரு போராட்டம்

பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அப்படியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் வழுவழுத்து நாறிப்போகும். அதனால் தேங்காயை இரண்டாக உடைத்து, முதலில் வெயிலில் காயப்போட்டு, பிறகு சூளையில் பரப்பி, கீழே சிரட்டை நெருப்பு மூட்டி, சில நாட்கள் மெதுவாகக் காய்ச்சி எடுக்கிறார்கள். சிரட்டை நெருப்பில் புகை குறைவு. அதனால்தான் நமது நாட்டுக் கொப்பறாவுக்கு வெள்ளை நிறம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த கொப்பறாவில் தண்ணீர் 6 வீதம் அளவில்தான் இருக்கணும். எண்ணெய் 65 வீதம் அளவில் இருக்கும். ஒரு கிலோ கொப்பறாவுக்கு ஏறக்குறைய 5 தேங்காய் வேணும்.

இந்த 6 வீதம் என்ற கணக்கில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோ பச்சைப் பருப்பை 6 வீத ஈரத்துக்குக் காய வைத்தால் 53 கிலோ கொப்பறா நிற்கும். அவசரப்பட்டு 10 வீத ஈரத்திலேயே சூளையைவிட்டு இறக்கினால் 55 கிலோவுக்கு மேல் நிற்கும். விறகும் மிச்சம், நாளும் மிச்சம், எடையும் கூட. ஈரக் கொழுந்துக்குத் தராசில் கிலோ கழிக்கும்போது நடக்கிற வாக்குவாதம் நமக்குப் புதிதல்ல. எடைக்கு விலை கொடுக்கிற எந்தத் தொழிலிலும் தண்ணீருக்கும் காசு கேட்கிற ஆசை வந்துவிடும்.

கொழுந்தில் தண்ணீர் இருந்தால் நட்டம் காசோடு முடிந்துவிடும். கொப்பறாவில் தண்ணீர் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மழை நாளில், கோணிச் சாக்கில், காற்றுப் போகாத ஸ்டோரில் வைத்த கொப்பறாவில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு பூஞ்சணம் படரும். அது கக்குகிற நஞ்சுக்குப் பெயர் அப்லாடொக்சின்.

அப்லாடொக்சின் என்றால் என்ன?

இந்த நஞ்சை உலகம் அறிந்துகொண்டது 1960 இல். இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. விஞ்ஞானிகள் தேடிப் பார்த்தபோது, தீனியில் கலந்திருந்த பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வழி தெரிந்தது. அந்தப் பூஞ்சணத்தின் விஞ்ஞானப் பெயரைச் சுருக்கித்தான் நஞ்சுக்கும் பெயர் வைத்தார்கள்.

"கோழிக்குத்தானே நடந்தது" என்று விட்டுவிட முடியாது. 2004 இல் கென்யா நாட்டில் ஈரத்தோடு சேமித்த சோளத்தைச் சாப்பிட்ட 317 பேர் நோயாளியானார்கள், 125 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் தாங்களே பயிரிட்டுத் தாங்களே சேமித்துவைத்த ஏழை விவசாயக் குடும்பங்கள்தான் அதிகம்.

அதிக அளவில் போனால் இப்படிச் சட்டென்று கொல்லும். கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் போனால் கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்கும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று தெரிந்த பொருட்களின் முதல் வகுப்பில் இதைச் சேர்த்திருக்கிறது. ஏற்கெனவே ஈரல் அழற்சி உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடும்.

இதில் இரண்டு விஷயத்தை வீட்டில் எல்லோரும் மனதில் வைக்கணும். ஒன்று, இந்த நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் இல்லை. இரண்டாவது, வீட்டு அடுப்புச் சூட்டில் இது அழியாது. "நல்லாக் கொதிக்க வைச்சிட்டா எல்லாம் சரி" என்ற பழைய பேச்சு தண்ணீருக்குச் சரி, இதற்குச் சரிவராது. நன்றாகக் காய்ந்த கொப்பறாவை மட்டும் எடுப்பதுதான் முதல் வழி. அது தவறினால் ஆலையில் முறைப்படி சுத்திகரிக்கணும். காரம் சேர்த்துக் கழுவி, களிமண் போன்ற ஒரு மண்ணால் வடிகட்டி, நிறம் நீக்கும்போது இந்த நஞ்சும் பெருமளவு போய்விடும். ஆகவே சுத்திகரிக்காத கச்சா எண்ணெய் கடைக்கு வந்து சேரக்கூடாது.

2021 இல் தங்கொட்டுவையில் நடந்தது

2021 மார்ச் மாதக் கடைசியில் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்த செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும். தேங்காய் குறைந்த காலத்தில் எண்ணெயை வெளிநாட்டில் இருந்தும் இறக்குவார்கள். அப்படி இறக்கிய கச்சாத் தேங்காயெண்ணெய்த் தொகுதிகள் சிலவற்றில் அப்லாடொக்சின் இருப்பதை இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் பரிசோதனை காட்டியது. அதே நாட்களில், புத்தளம் மாவட்டத்தில் தங்கொட்டுவைப் பக்கம் எண்ணெய் ஏற்றிய பவுசர்களைப் பொலிஸார் பிடித்து, மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புத்தாண்டுக்குப் பலகாரம் சுடுகிற காலம் வேறு. நாடு முழுக்கத் தாய்மார்கள் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள். பழுதான தொகுதிகளை நாட்டைவிட்டுத் திருப்பி அனுப்ப முடிவானது.

இதில் இருந்து படிக்க வேண்டியது இரண்டு. பரிசோதனை என்று ஒன்று இருந்ததால்தான் அந்த நஞ்சு வெளியே தெரிந்தது. இரசாயனக் கூடத்துக்குப் போகாமல் அதைக் கண்டுபிடிக்க எந்த வியாபாரியாலும் எந்தத் தாயாலும் முடிந்திருக்காது. இது முதலாவது. பரிசோதனை முடிவு வருவதற்குள் பொருள் கைமாறிவிட்டால் முடிவு வந்தும் பயன் குறைவு. இது இரண்டாவது. ஆகவே முத்திரை எப்படிக் கிடைக்கிறது, எங்கே ஓட்டை விழலாம் என்பது நாம் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய விஷயமாகிறது.

யார் பரிசோதிக்கிறார்கள்?

தேங்காய் மரத்தில் இருந்து நமது அடுப்பு வரைக்கும் மூன்று காவல்கள் இருக்கின்றன.

முதல் காவல் தெங்கு அபிவிருத்தி அதிகாரசபை. 1971 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. தெங்குப் பொருள் செய்கிற ஆலைகளும் ஏற்றுமதி செய்கிறவர்களும் இங்கே பதிவு எடுக்கணும். அதிகாரசபையின் உத்தியோகத்தர்கள் ஆலைக்குப் போய்ப் பார்ப்பார்கள், மாதிரி எடுப்பார்கள். சபைக்கு என்று இரசாயனக் கூடமும் உண்டு.

இரண்டாவது காவல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம். 1964 இல் பணியகமாக ஆரம்பித்து, 1984 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தால் இன்றைய பெயரைப் பெற்றது. போத்தலில் நாம் பார்க்கிற எஸ்.எல்.எஸ். முத்திரை இவர்கள் கொடுப்பது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கட்டளை இலக்கம் உண்டு. தேங்காயெண்ணெய்க்கு உரியது எஸ்.எல்.எஸ். 32. ஆலைக்காரர் விண்ணப்பம் செய்தால், இவர்கள் ஆலையின் வேலை முறையைப் பார்த்து, மாதிரியைப் பரிசோதித்து, சரி என்றால் அனுமதி கொடுப்பார்கள். அதோடு விடமாட்டார்கள். பிறகும் ஆலையில் இருந்தும் கடையில் இருந்தும் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். தவறினால் அனுமதியை நிறுத்தலாம்.

மூன்றாவது காவல் நமக்கு முகம் தெரிந்தவர். அவர்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாம் பீ.எச்.ஐ. ஐயா என்று சொல்கிறவர். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. கடைக்குள் போய், சந்தேகமான உணவை மாதிரி எடுத்து, முத்திரை வைத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். மனிதர் சாப்பிடத் தகாதது என்று முடிவு வந்தால் வழக்குப் போடலாம்.

இரசாயனக் கூடத்தில் என்ன பார்க்கிறார்கள்? எண்ணெயில் ஈரம் எவ்வளவு, புளித்துப்போய் உண்டான அமிலம் எவ்வளவு, நாட்பட்டுக் காறிப்போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று அறிய அயடீன் எண் என்ற ஒன்றை அளப்பார்கள். சுத்தமான தேங்காயெண்ணெயின் அயடீன் எண் 6.3 முதல் 10.6 வரை இருக்கும் என்பது சர்வதேச அளவுகோல். கலப்படத்துக்கு அதிகம் பயன்படுகிற பாம் ஒலீனுக்கு இது 56 க்கு மேலே. ஆகவே கொஞ்சம் கலந்தாலும் எண் ஏறிக் காட்டிக்கொடுக்கும். அப்லாடொக்சினை இன்னும் நுணுக்கமான கருவி வைத்துப் பார்க்கணும். ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் வருகிற துளிதான் இங்கே அளவு. ஒரு கிலோ எண்ணெயில் அப்படி எத்தனை துளி என்று எண்ணுகிறார்கள். இவ்வளவு சிறிய அளவை நாக்கும் மூக்கும் அறியாது என்பதில் அதிசயம் இல்லை.

துருவலின் கதை: முத்திரை கையில் இருந்து பிறக்கிறது

எண்ணெயைவிட நமக்கு நெருக்கமான பாடம் ஒன்று காய்ந்த தேங்காய்த் துருவலில் இருக்கிறது. வெளிநாட்டில் கேக், இனிப்பு, பிஸ்கட் செய்வதற்கு இது நமது நாட்டில் இருந்து நூறு வருடத்துக்கு மேலாகப் போகிறது. இந்த ஆலைகளில் தேங்காய் ஒவ்வொன்றும் மனிதக் கைபட்டுத்தான் போகணும். ஒருவர் சிரட்டையைத் தட்டிக் கழற்றுவார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பருப்பின் மேலுள்ள கபிலத் தோலைக் கத்தியால் சீவி எடுப்பார்கள். பிறகுதான் கழுவி, துருவி, காய வைப்பது.

1959, 1960 காலத்தில் பிரித்தானியாவில் பரிசோதித்தபோது இலங்கையில் இருந்து போன துருவலில் சல்மொனெல்லா என்ற கிருமி இருப்பது தெரியவந்தது. வயிற்றோட்டமும் காய்ச்சலும் கொண்டுவருகிற குடும்பத்துக் கிருமி இது. துருவலை இனிப்பின் மேல் அப்படியே தூவிச் சாப்பிடுவார்கள், சமைப்பதில்லை. அதனால் கிருமி நேராக வயிற்றுக்குப் போகும். வாங்குகிறவர்கள் பயந்துபோனார்கள். ஒரு தொழிலின் பெயரே ஆட்டம் கண்டது.

சல்மொனெல்லா தேங்காய்க்குள் பிறப்பதில்லை. உடைக்காத தேங்காய்க்குள் இருக்கிற பருப்பு சுத்தமானது. கிருமி வருவது நிலத்தில் கிடக்கிற அழுக்கில் இருந்து, பல்லி, எலி, பறவை எச்சத்தில் இருந்து, சுத்தமில்லாத கழுவுநீரில் இருந்து, மலசலகூடம் போய்விட்டுச் சவர்க்காரம் போடாமல் வருகிற கையில் இருந்து. ஆகவே தீர்வும் அங்கேதான் இருந்தது. சீவிய பருப்பைக் கொதிநீரில் அல்லது நீராவியில் சில நிமிடம் சூடாக்கிக் கிருமியைக் கொல்கிற முறை வந்தது. சுத்தமான தண்ணீர், கை கழுவுகிற இடம், தகுந்த மலசலகூடம், தலைக்கு உறை, நோய் உள்ளவரை வேலையில் இருந்து விலக்குதல் என்ற விதிகள் வந்தன. இவற்றை 1971 இல் சர்வதேச உணவுக் கட்டளைச் சபையும் துருவலுக்கு என்றே தனிச் சுகாதார நெறியாக எழுதி வைத்தது. 1991 இல் தரக் கட்டளையும் வந்தது. துருவலில் ஈரம் 3 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அதில் ஒன்று.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? தரச் சான்றிதழ் என்றதும் கோட் போட்ட ஆட்கள் வந்து ஒப்பமிடுகிற கடதாசி என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தக் கடதாசி தோல் சீவுகிற பெண்ணின் கையில் இருந்து தொடங்குகிறது. அவருக்கு ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு சவர்க்காரக் கட்டியும் ஒரு மலசலகூடமும் இல்லாவிட்டால், ஆயிரம் மாதிரி பரிசோதித்தாலும் சான்றிதழ் நிலைக்காது. தொழிலாளியின் வசதியும் பொருளின் தரமும் வேறு வேறு இல்லை. நமது தேயிலைத் தொழிற்சாலைகளிலும், மலையில் கொழுந்து பறிக்கிற இடங்களிலும் மலசலகூடம், கை கழுவும் வசதி கேட்கும்போது இந்த நியாயத்தையும் எடுத்துச் சொல்லலாம். அது சலுகை கேட்பதாகாது. தரத்துக்கு அத்திவாரம் கேட்பதாகும்.

முத்திரை எதைச் சொல்வதில்லை?

முத்திரையை மதிக்கணும், அதே நேரம் அதன் எல்லையும் தெரிந்திருக்கணும்.

முத்திரை சொல்வது இதுதான்: இந்த ஆலையின் வேலை முறை பார்க்கப்பட்டது, எடுத்த மாதிரிகள் கட்டளைக்குப் பொருந்தின. ஒவ்வொரு போத்தலையும் திறந்து பார்த்தார்கள் என்று அது சொல்வதில்லை. கடைக்காரர் வெயிலில் மாதக்கணக்கில் வைத்தது அதற்குத் தெரியாது. பெரிய கேனில் இருந்து அளந்து, பொலித்தீன் பையில் கட்டித் தருகிற எண்ணெய்க்கு முத்திரையே இல்லை. கேனில் முத்திரை இருந்தாலும், திறந்த பிறகு அதற்குள் என்ன ஊற்றினார்கள் என்று யாரும் சாட்சி சொல்ல முடியாது. தேங்காய் விலை ஏறுகிற காலங்களில் கலப்பட ஆசையும் ஏறும். 2024 கடைசியிலும் 2025 இலும் ஒரு தேங்காய் விற்ற விலை நமக்குத் தெரியும்.

நமது குளிரே ஒரு பரிசோதனை

மலைநாட்டில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தேங்காயெண்ணெய் 24, 25 பாகை வெப்பத்துக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். நுவரெலியா, அட்டன் பக்கம் விடியற்காலையில் சுத்தமான தேங்காயெண்ணெய் வெள்ளையாகக் கட்டிப்பட்டு நிற்கும். "எண்ணெய் கெட்டுப்போச்சு" என்று சிலர் பயப்படுகிறார்கள். பயப்படத் தேவையில்லை, அது தேங்காயெண்ணெயின் குணம். உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டு இருந்தால்தான் யோசிக்கணும். பாம் ஒலீன் அந்தக் குளிருக்குத் தேங்காயெண்ணெயைப் போலக் கெட்டியாக உறையாது. பாதி கட்டியும் பாதி தெளிவுமாகப் பிரிந்து நின்றாலும் கலப்புக்கு இடம் உண்டு.

ஆனால் இந்தப் பரிசோதனை முழுச் சாட்சி இல்லை. பாம் விதையில் எடுக்கிற எண்ணெயும் தேங்காயெண்ணெயைப் போலவே உறையும். அப்லாடொக்சின் இருக்கிற எண்ணெயும் அழகாக உறையும். ஆகவே இதைச் சந்தேகம் கிளப்புகிற அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

முத்திரை உள்ள போத்தல் விலை கூட என்பது எமக்குத் தெரியும். நாட்சம்பளத்தில் கால் போத்தல் எண்ணெய்க்குத்தான் காசு மிஞ்சுகிற குடும்பங்களுக்கு "பெரிய போத்தல் வாங்குங்கள்" என்று சொல்வது எளிது, செய்வது கஷ்டம். அதனால் நடைமுறைக்கு ஏற்ற சில வழிகளைச் சொல்கிறோம்.

1. லயத்தில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, சம்பளம் எடுத்த கிழமையில் முத்திரை உள்ள பெரிய போத்தலாக வாங்கிப் பங்கு பிரித்துக்கொள்ளலாம். சில்லறையாக வாங்குவதைவிட ஒரு லீட்டருக்கு விழுகிற விலை குறையும்.

2. தோட்டக் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிற இடங்களில், எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள எண்ணெயை மொத்தமாக எடுத்துத் தரும்படி பொதுக் கூட்டத்தில் கேளுங்கள். கேட்டதைக் கூட்டக் குறிப்பில் எழுதவையுங்கள்.

3. லேபலைப் படியுங்கள். செய்தவரின் பெயர், விலாசம், தொகுதி இலக்கம், செய்த திகதி, முடிவுத் திகதி, நிறை, முத்திரையோடு கட்டளை இலக்கம் எல்லாம் இருக்கணும். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு பாடம்.

4. பூஞ்சணம் பிடித்த தேங்காய்ப் பாதி, கொப்பறா, நிலக்கடலை, செத்தல் மிளகாய், சோளம் எதையும் துடைத்துவிட்டுச் சமைக்க வேண்டாம். ஆட்டுக்கும் கோழிக்கும் போட வேண்டாம். எறிந்துவிடுங்கள். மாட்டுக்குப் போட்ட தீனியில் உள்ள நஞ்சு பாலிலும் வரும்.

5. எண்ணெயை மூடி, அடுப்புச் சூடும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். ஒரு தடவை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.

6. சந்தேகம் வந்தால் மீதி எண்ணெயையும் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு பீ.எச்.ஐ. ஐயாவிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் சொல்லுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் முறையிடலாம். கடைக்காரரோடு சண்டை போடத் தேவையில்லை. அவரும் ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம்.

லயத்துப் பின்னால் உள்ள கோப்பிக்கும் இதே சட்டம்

இந்தப் பாடம் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இல்லை. நம்மில் பலருடைய வீட்டுத் தோட்டத்தில் நாலு கோப்பி மரம், ஒரு மிளகுக் கொடி இருக்கிறது. நமது முன்னோர் 19 ஆம் நூற்றாண்டில் இந்த மலைகளுக்கு வந்ததே கோப்பிக்காகத்தான். 1869 இல் இலை நோய் வந்து கோப்பி அழிந்த பிறகே தேயிலை இடத்தைப் பிடித்தது. இன்று நல்ல கோப்பிக்கு மறுபடியும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் கன்றும் ஆலோசனையும் கொடுத்து வருகிறது.

கோப்பிக் கொட்டையையும் ஈரத்தோடு கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதில் ஒக்ராடொக்சின் என்ற வேறொரு நஞ்சு உண்டாகும். அது சிறுநீரகத்துக்குக் கெடுதி. சர்வதேச நெறி கேட்பது, காய்ந்த கொட்டையில் ஈரம் 12.5 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பதுதான். செய்ய வேண்டியது கஷ்டமான வேலை இல்லை. சிவப்பாகப் பழுத்த பழத்தை மட்டும் பறியுங்கள். தண்ணீரில் போட்டு மிதக்கிறதை ஒதுக்குங்கள். வெறும் மண்ணில் கொட்டாமல் பாயிலோ படங்கிலோ மெல்லிசாகப் பரப்புங்கள். ஒரு நாளைக்குப் பல தடவை கிளறிவிடுங்கள். மழையும் இரவுப் பனியும் படாமல் மூடுங்கள். நன்றாகக் காயும்வரை சாக்கில் கட்ட வேண்டாம். கீழே விழுந்து கிடந்த பழத்தை நல்லதோடு கலக்க வேண்டாம்.

"இரண்டு கிலோ கூட நிற்கட்டும்" என்று ஈரத்தோடு விற்றால் ஒரு தடவை காசு வரும். அடுத்த தடவை வியாபாரி நமது சாக்கையே வாங்கமாட்டார். அந்தச் சாக்கில் இருந்து வறுத்த தூள் யாரோ ஒரு வீட்டுக் கோப்பையில்தான் விழப்போகிறது.

புத்தளம் கரையோரத்துச் சூளையில் கொப்பறா புரட்டுகிறவரும், லுணுவிலைப் பக்கத்து ஆலையில் தோல் சீவுகிற பெண்ணும், மலையில் கொழுந்து எடுக்கிற நாமும் ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள். அவர் ஒழுங்காகக் காய வைத்தால் நமது பிள்ளையின் ஈரல் பிழைக்கும். நாம் பழுதில்லாத கொழுந்து கொடுத்தால் அவர் வீட்டுத் தேநீர் நன்றாக இருக்கும். அரசாங்க முத்திரை இந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்கிறது. நம்பிக்கையை உண்டாக்குவது வேலை செய்கிற கைகள்தான்.

அடுத்த சம்பளத்துக்கு எண்ணெய் வாங்கப் போகும்போது போத்தலைத் திருப்பி, அந்த மூன்று எழுத்தையும் அதன் இலக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். பக்கத்துக் காம்பிராவில் இருக்கிறவர்களுக்கும் காட்டுங்கள்.